இரண்டு கோடி கோடி மூலக்கூறுகள்

குப்பி சுண்டுவிரல் உயரம்கூட இராது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் காலியாக இருப்பது போலத்தான் தெரியும். கூர்ந்து பார்த்தால் அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று தெரியலாம். சில சமயம் அதுவும் தெரியாது. பொடி வந்திருப்பதென்னவோ உண்மை. மொத்தம் 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு. லேபிளில் ‘ஜிடிஎன்எஃப்’ என்று பெயர் இருக்கும். அதன் கீழே சின்ன எழுத்தில், ஆராய்ச்சிக்கு மட்டுமே, மனிதர்களுக்குச் செலுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை இருக்கும்.

இந்தப் பொடியைக் கையாள்வதற்கென்றே ஒரு பக்குவம் உண்டு. திறக்கும் முன் குப்பியைச் சென்ட்ரிஃபியூஜில் வைத்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் மூடியில் ஒட்டியிருக்கும் பாதிப் பொடி மூடியோடு போய்விடும். பிறகு கிருமி நீக்கிய நீரைக் குப்பியின் சுவரோரமாக மெதுவாக விட்டு, சில நிமிடம் சும்மா வைத்திருக்க வேண்டும். வேகமாகக் குலுக்கினால் நுரை வரும். நுரையில் புரதம் மடிப்புக் கலைந்து வீணாகும். அதோடு, இவ்வளவு குறைந்த அளவில் இருக்கும் புரதம் பிளாஸ்டிக் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆல்புமின் என்ற மலிவான புரதத்தைக் கூடவே தாராளமாகச் சேர்ப்பார்கள். சுவரில் அது ஒட்டிக்கொள்ளட்டும், விலை கூடியது கரைசலில் மிதக்கட்டும் என்ற கணக்கு. கடைசியாகச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து ஃப்ரீசரில் வைக்க வேண்டும். உருக்கி, உறைய வைத்து, மறுபடி உருக்கினால் ஒவ்வொரு முறையும் வீரியம் குறையும்.

செல் வளர்க்கும் மீடியத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் சேர்ப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத பொடி அரை லிட்டர் மீடியத்துக்குக் காணும். எண்ணிக்கையில் சொன்னால் குப்பிக்குள் சுமார் இரண்டு கோடி கோடி மூலக்கூறுகள். இத்தனையும் எதற்காக? மூளையின் நடுப்பகுதியில் இருக்கும் ஒரு சிறுபான்மை நியூரான் கூட்டத்தை உயிரோடு வைத்திருப்பதற்காக.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. நடுமூளையில் சப்ஸ்டன்ஷியா நைக்ரா என்ற இடத்திலிருந்து டோபமினை அனுப்புபவை இரண்டு பக்கமும் சேர்த்துச் சில லட்சம்தான். மூளையைக் குறுக்கே வெட்டினால் அந்த இடம் வெறும் கண்ணுக்கே கறுப்பாகத் தெரியும். நியூரோமெலனின் என்ற நிறமி செய்யும் வேலை அது. பார்க்கின்சன் நோயோடு வாழ்ந்து இறந்தவர்களின் மூளையில் அந்தக் கறுப்பு வெளுத்திருக்கும், நியூரான்களே போய்விட்டதால். கை நடுக்கம், உடல் விறைப்பு, எட்டு வைக்கவே தயங்கும் கால், எல்லாம் அந்த வெளுப்பின் வெளித்தோற்றம்.

எண்ணிக்கையில் குறைவானாலும் இவற்றின் பரப்பு அசாத்தியமானது. ஜப்பானிய ஆய்வாளர்கள் எலி மூளையில் டோபமின் நியூரான்களைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் நாரையும் கிளை கிளையாகத் தடம் பிடித்து அளந்தார்கள். 2009-இல் வெளிவந்த அந்த ஆய்வில், கிளைகளையெல்லாம் கூட்டியபோது சராசரி நீளம் அரை மீட்டரை நெருங்கியது. எலியின் உடம்பைவிட நீளம்! மனிதரில் ஒரு நியூரானுக்கு 4 மீட்டருக்கு மேல் இருக்கும், அதில் 10 லட்சம் முதல் 24 லட்சம் வரை இணைப்புகள் இருக்கும் என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2012-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். முடியளவு தடிமன்கூட இல்லாத ஒரு செல் உடல், இத்தனை நீள நாருக்கும் சாப்பாடு போட வேண்டும். பார்க்கின்சன் நோயில் இவை முதலில் சாய்வதற்கு இந்தச் சுமையே ஒரு காரணம் என்பது அவர்களின் வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

இன்று பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான எல்-டோபா, குறைந்துபோன டோபமினை ஈடு கட்டுகிறது. (நம் ஊர்ப் பூனைக்காலி விதையிலிருந்து அதே எல்-டோபாவைப் பிரித்தெடுத்து 1937-இலேயே கட்டுரை எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும். அது நடுக்கத்துக்கு மருந்தாகும் என்று உலகம் கண்டுகொள்ள இன்னும் கால் நூற்றாண்டு ஆனது.) எல்-டோபா நடுக்கத்தைத் தணிக்கும், விறைப்பைத் தளர்த்தும். ஆனால் நியூரான்கள் சாவதை அது தடுப்பதில்லை. சாகும் நியூரானையே பிழைக்க வைக்கும் ஏதாவது ஒன்று உண்டா என்ற தேடலில் கிடைத்ததுதான் குப்பியில் இருக்கும் புரதம்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் சினர்ஜென் என்ற சிறிய நிறுவனம் இருந்தது. அங்கே லூ-ஃபென் லின், ஃபிராங்க் காலின்ஸ் முதலியோர் தேடிய விதம் எளிமையானது, பொறுமையைச் சோதிப்பது. எலிக் கருவின் நடுமூளையிலிருந்து நியூரான்களை எடுத்துத் தட்டில் வளர்த்தார்கள். வேறு பல செல்கள் வளர்ந்து முடித்த மீடியத்தை அந்தத் தட்டுகளில் ஊற்றி, எது ஊற்றினால் டோபமின் நியூரான்கள் அதிகமாக டோபமினை உறிஞ்சுகின்றன என்று அளந்தார்கள். நியூரான்களைச் சுற்றியிருந்து பராமரிக்கும் கிளையல் செல்களில் ‘பி49’ என்ற எலிச் செல் வரிசை ஒன்று உண்டு. அது வளர்ந்த மீடியத்தில் ஏதோ இருந்தது. அந்த ‘ஏதோ’வை வடித்து, பிரித்து, மறுபடி பிரித்து, கடைசியில் ஒரே ஒரு புரதத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1993-இல் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. கிளையல் செல் வரிசையிலிருந்து கிடைத்த நரம்பூட்டக் காரணி என்பதன் சுருக்கமே ஜிடிஎன்எஃப். அடுத்த ஆண்டே ஆம்ஜென் என்ற பெரிய நிறுவனம் சினர்ஜெனை வாங்கிக்கொண்டது.

செல்கள் கசியவிடும் புரதத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேகரித்து உலகத்துக்கு விநியோகிக்க முடியாது. எனவே மனிதரின் ஜிடிஎன்எஃப் மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செருகி, அதை உற்பத்தி செய்ய வைக்கிறார்கள். பாக்டீரியா சளைக்காமல் செய்யும், ஆனால் ஒழுங்காகச் செய்யாது. 134 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியை அது சரியாகக் கோத்துவிடும், மடிப்பதில்தான் தகராறு. ஒவ்வொரு சங்கிலியிலும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் 7 இடங்களில் இருக்கிறது. ஆறு சிஸ்டீன்கள் தமக்குள் மூன்று ஜோடியாகக் கைகோத்து ஒரு முடிச்சுப் போட வேண்டும். மிஞ்சிய ஒன்று பக்கத்துச் சங்கிலியின் மிஞ்சிய ஒன்றோடு சேர வேண்டும். அப்போதுதான் இரண்டு சங்கிலிகள் சேர்ந்த, வேலை செய்யும் மூலக்கூறு உருவாகும். பாக்டீரியாவின் உட்புறச் சூழல் இப்படிப்பட்ட முடிச்சுகளுக்குத் தோதானதல்ல. சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிழியும்போதே கட்டிதட்டிப் போன இடியாப்பம் மாதிரி உருண்டு கிடக்கும். பாக்டீரியாவை உடைத்து, அந்தக் கட்டியை எடுத்து, கடும் ரசாயனத்தில் கரைத்து முழுக்க நீட்டிவிட்டு, பிறகு ரசாயனத்தை மெல்ல மெல்லக் குறைத்துப் புரதம் தானாகவே சரியாக மடிய விடுவார்கள். எல்லாம் சரியாக மடியாது. மடிந்ததை மட்டும் பிரித்தெடுத்து, பாக்டீரியா நச்சின் மிச்சம் இருக்கிறதா என்று சோதித்து, உறைய வைத்து உலர்த்தினால் குப்பிப் பொடி தயார்.

நம் உடம்பு இதே புரதத்தைத் தயாரிக்கும்போது மேலே சர்க்கரைச் சங்கிலிகளையும் ஒட்டும். பாக்டீரியாவுக்கு அந்த வித்தை தெரியாது. ஆனாலும் சர்க்கரை இல்லாத ஜிடிஎன்எஃப் தட்டில் நன்றாகவே வேலை செய்கிறது. உண்மையில் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு தொகுதியையும் செல்களின் மேல் ஊற்றிப் பார்த்துத்தான் விற்பனைக்கு அனுப்புவார்கள். எடையில் சரியாக இருந்து மடிப்பில் தவறியிருந்தால் அது வெறும் பொடி.

1996 ஜூலையில் ‘நேச்சர்’ இதழின் ஒரே வெளியீட்டில் மூன்று குழுக்களின் கட்டுரைகள் வந்தன. மூவரும் செய்தது ஒரே காரியம்: ஜிடிஎன்எஃப் மரபணுவே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கியது. டோபமின் நியூரான்களைக் காக்கும் புரதம் இல்லையென்றால் டோபமின் நியூரான்களே இருக்காது என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். குட்டிகள் பிறந்த முதல் நாளிலேயே செத்துப்போயின. அறுத்துப் பார்த்தால் நடுமூளையின் டோபமின் நியூரான்கள் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தன. இல்லாமல் போயிருந்தது சிறுநீரகம்! குடலில் இருக்க வேண்டிய நரம்பு வலையும் பெரும்பகுதி காணவில்லை.

சிறுநீரகம் உருவாகும் விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். கருவில் ஒரு திசுத் திரள் ஜிடிஎன்எஃபைச் சுரக்கிறது. பக்கத்தில் இருக்கும் குழாய் ஒன்று அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு மொட்டு விட்டு அதை நோக்கி வளர்கிறது. திரளுக்குள் புகுந்ததும் இரண்டாகப் பிரிகிறது, நான்காகிறது, எட்டாகிறது. சிறுநீரகத்தின் குழாய் மரம் அப்படித்தான் கிளைக்கிறது. வாசனை இல்லையென்றால் மொட்டே விடாது. குடலிலும் இதே கதைதான்: கருவின் முதுகுப்புறத்திலிருந்து புறப்படும் நரம்பு முன்னோடிச் செல்கள், ஜிடிஎன்எஃப் காட்டும் வழியில்தான் குடல் நெடுக நடந்து பரவுகின்றன.

அந்த ஆண்டிலேயே ஜிடிஎன்எஃபை வரவேற்கும் இரண்டு மூலக்கூறுகளும் அடையாளம் தெரிந்தன. செல்லின் மேற்பரப்பில் முதலில் அதைப் பிடித்துக்கொள்வது ஜிஎஃப்ஆர்ஆல்ஃபா1. பிடித்ததைக் கொண்டுபோய் ஒப்படைப்பது ரெட் என்ற புரதத்திடம். செல்லுக்குள் ‘பிழைத்திரு, வளர்’ என்ற செய்தியை அனுப்புவது அதுதான். ரெட் புதியதல்ல. 1980-களிலேயே புற்றுநோய் மரபணுவாக அறிமுகமானது. அது ஓயாமல் இயங்கினால் ஒருவகைத் தைராய்டு புற்றுநோய் வருகிறது. அது செயலிழந்தால் குடலின் கடைப்பகுதியில் நரம்பே இல்லாமல் பிறக்கும் குழந்தைகள், அதாவது ஹிர்ஷ்ஸ்பிரங் நோய். இன்னொரு இடத்திலும் இந்தப் புரதம் தலைகாட்டியது. ஆண் சுண்டெலியின் விந்தணு மூலச்செல்களைத் தட்டில் நீண்ட நாள் வளர்க்க வேண்டுமானால் ஜிடிஎன்எஃப் இல்லாமல் முடியாது என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் பிரின்ஸ்டரின் குழு 2004-இல் காட்டியது. டோபமின் நியூரானை வைத்துத் தேடியதால் டோபமின் நியூரானின் காவலன் என்று பெயர் வந்ததே தவிர, உடம்பு இதை வைத்துச் செய்யும் காரியங்களின் பட்டியலில் டோபமின் எத்தனையாவது இடம் என்பது வேறு விஷயம். சிறுநீரகத்தை ஆராய்ந்தவர்கள் முதலில் கண்டுபிடித்திருந்தால் இதற்கு வேறு பெயர் இருந்திருக்கும், பார்க்கின்சன் நோயாளிகள் யாரும் இதன் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள்.

வளர்ந்த மூளைக்காவது இது தேவையா? ஸ்பெயினின் செவில்லில் ஒரு குழு, வளர்ந்த சுண்டெலிகளில் இந்த மரபணுவை நிறுத்தியபோது டோபமின் நியூரான்கள் அழிந்தன என்று 2008-இல் எழுதியது. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் வேறு முறைகளில் நிறுத்திப் பார்த்த குழு, அப்படி ஒன்றும் அழியவில்லை என்று 2015-இல் எழுதியது.

ஆனால் ‘தேவையா’ என்பது ஒரு கேள்வி, ‘கொடுத்தால் உதவுமா’ என்பது இன்னொரு கேள்வி. நஞ்சு கொடுத்து டோபமின் நியூரான்களைச் சிதைத்த எலிகளுக்கும், பிறகு குரங்குகளுக்கும், மூளைக்குள் ஜிடிஎன்எஃப் செலுத்தியபோது நல்ல முன்னேற்றம் தெரிந்தது. மனிதருக்குக் கொடுப்பதில்தான் வினை. இவ்வளவு பெரிய புரதம் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. மாத்திரையாக விழுங்கினால் வயிறு செரித்துவிடும். மண்டையைத் துளைத்து உள்ளேயே செலுத்தியாக வேண்டும்.

முதலில் மூளையின் நடுவே திரவம் நிரம்பிய அறைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். 50 பேர் பங்கேற்ற அந்தச் சோதனையில் குமட்டல் வந்தது, எடை குறைந்தது, நோய் குறையவில்லை. காரணம், இந்தப் புரதம் செல்களுக்கு இடையே இருக்கும் ஹெப்பாரன் சல்ஃபேட் என்ற சர்க்கரை வலையில் போய் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. சேர வேண்டிய இடம், அதாவது டோபமின் நார்கள் போய் முடியும் புட்டாமென், அறையிலிருந்து தள்ளி, ஆழத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் அது பயணமே செய்யவில்லை.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அறுவை மருத்துவர் ஸ்டீவன் கில், குழாயை நேரே புட்டாமெனுக்குள்ளேயே இறக்கினார். ஐந்தே நோயாளிகள். ஓராண்டில், மருந்து சாப்பிடாத நிலையில் அளந்த இயக்க மதிப்பெண் 39% மேம்பட்டதாக 2003-இல் செய்தி வந்தபோது, மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர்களில் ஒருவர் பிறகு மாரடைப்பில் இறந்தார். அவருக்கு மூளையின் வலப்பக்கம் மட்டும் 43 மாதங்கள் புரதம் செலுத்தியிருந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் வலப்பக்கப் புட்டாமெனில் டோபமின் நார்கள் இடப்பக்கத்தைவிட அடர்ந்து முளைத்திருந்தன. இந்த ஒரே ஒரு மூளைதான் பல ஆய்வாளர்களை இன்றுவரை இந்தப் புரதத்தோடு கட்டிப்போட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்து ஆம்ஜென் நடத்தியது, போலி மருந்தோடு ஒப்பிடும் முறையான சோதனை. 34 பேர், ஆறு மாதம். புரதம் பெற்றவர்களுக்கு 10% முன்னேற்றம், வெறும் திரவம் பெற்றவர்களுக்கு 4.5%. புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. சிலருக்குப் புரதத்தை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் உருவாகியிருந்தன. அதிக அளவு கொடுத்த குரங்குகள் சிலவற்றின் சிறுமூளையில் சேதம் தெரிந்தது. 2004 செப்டம்பரில் ஆம்ஜென் எல்லாவற்றையும் நிறுத்தியது. எங்களுக்கு நன்றாக இருக்கிறது, நிறுத்தாதீர்கள் என்று சில நோயாளிகள் அமெரிக்க நீதிமன்றங்களுக்குப் போனார்கள், தோற்றார்கள்.

பிரிஸ்டல் விடவில்லை. ரோபோ உதவியோடு நான்கு நுண்குழாய்களை மூளைக்குள் இறக்கி, அவற்றின் வாயைக் காதுக்குப் பின்னால் எலும்பில் பதித்த ஒரு பொருத்தியில் கொண்டுவந்து முடித்தார்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை நோயாளி வந்து உட்காருவார், காதுக்குப் பின்னால் குழாயை மாட்டுவார்கள், புரதம் மெல்ல அழுத்தத்தோடு உள்ளே போகும். முக்கியச் சோதனையில் 35 பேர், ஒன்பது மாதம். முடிவு 2019-இல் வந்தது: புரதம் பெற்றவர்களுக்கு 17.3% முன்னேற்றம், போலிக்கு 11.8%. மறுபடியும் வித்தியாசம் என்று சொல்ல முடியாத வித்தியாசம். ஆனால் மூளை ஸ்கேன் வேறு கதை சொன்னது. புரதம் பெற்றவர்களின் புட்டாமெனில் டோபமின் தயாரிப்பின் அடையாளம் இடத்துக்கு இடம் 25 முதல் 100 சதவீதம் வரை கூடியிருந்தது; போலி பெற்றவர்களிடம் ஒன்றும் கூடவில்லை. நியூரானுக்கு ஊட்டம் போய்ச் சேர்ந்திருக்கிறது, ஆனால் நடையில் தெரியவில்லை.

ஏன்? நோய் கண்டறிந்து நாலைந்து ஆண்டுகளிலேயே புட்டாமெனில் டோபமின் நார்கள் பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றன என்று 2013-இல் வந்த ஒரு பிரேத ஆய்வு சொல்கிறது. ஊட்டம் வாங்க ஆள் இல்லாத இடத்தில் ஊட்டம் கொடுத்து என்ன பயன்? போதாக்குறைக்கு ஸ்வீடனின் லுண்ட் குழு இன்னொன்றைக் கண்டது. பார்க்கின்சனில் சேரும் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் மிகுந்த எலி நியூரான்களில், ஜிடிஎன்எஃபின் செய்தியை வாங்கும் ரெட்டின் அளவே குறைந்துவிடுகிறது. நஞ்சு கொடுத்த எலியில் கிடைத்த வெற்றி, நோயுற்ற மனிதரில் அப்படியே கிடைக்காததற்கு இது ஒரு நேர்மையான விளக்கம்.

மருந்தாக இப்படித் தடுமாறிய அதே புரதம், ஆய்வகத்தில் அன்றாடச் சரக்காகிவிட்டது. தோல் அல்லது ரத்தச் செல்லை மூலச்செல்லாக மாற்றி, அதை டோபமின் நியூரானாக வளர்ப்பது இன்று பல ஆய்வகங்களில் நடக்கும் வேலை. 2011-இல் நியூயார்க்கில் லோரன்ஸ் ஸ்டூடரின் குழு வெளியிட்ட செய்முறை முதல், இதற்கான மீடியத்தில் ஜிடிஎன்எஃப் இடம்பிடித்திருக்கிறது; பிடிஎன்எஃப் என்ற இன்னொரு ஊட்டக் காரணியும், வைட்டமின் சியும் துணைக்கு. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தட்டிலிருந்து பாதி மீடியத்தைப் பிப்பெட்டால் உறிஞ்சிவிட்டு, புதிதாகப் பாதி ஊற்றுவார்கள். முழுவதும் மாற்றினால் நியூரான்கள் அதிர்ந்து தட்டிலிருந்து பெயர்ந்துவிடும். வாரக்கணக்கில் இந்தச் சிசுருஷை நடக்கும். முடிவில், டோபமினைத் தயாரிக்கும் நொதியான டைரோசின் ஹைட்ராக்சிலேஸை ஒளிரும் சாயத்தால் குறிவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தட்டு முழுக்கப் பச்சை இழைகள். பார்க்கின்சன் மரபணு மாற்றம் உள்ள ஒருவரின் நியூரான் எப்படிச் சிதைகிறது, எந்த மருந்து அதைத் தாமதப்படுத்துகிறது என்றெல்லாம் இந்தத் தட்டில்தான் பார்க்கிறார்கள்.

கியோட்டோவில் ஜுன் தகாஹாஷியின் குழு, இப்படி மூலச்செல்லிலிருந்து வளர்த்த டோபமின் முன்னோடிச் செல்களை ஏழு நோயாளிகளின் புட்டாமெனில் வைத்து, முடிவுகளை 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. அவர்கள் வகுத்த வளர்ப்பு முறையிலும் ஜிடிஎன்எஃப் உண்டு. மனித உடம்புக்குள் போகும் செல்களுக்கு நம் பத்து மைக்ரோகிராம் குப்பி உதவாது; ஒவ்வொரு படியும் பதிவாகி, மருந்துத் தரத்தில் தயாரான சரக்கு வேண்டும். மூலக்கூறு ஒன்றுதான், தாள்களும் விலையும் வேறு.

நோயாளிக்கு நேரடியாகக் கொடுக்கும் முயற்சியும் முடிந்துவிடவில்லை. ஆஸ்க்பயோ என்ற நிறுவனம், ஜிடிஎன்எஃப் மரபணுவைத் தீங்கற்ற ஏஏவி2 வைரஸில் ஏற்றி, ஒரே அறுவையில் புட்டாமெனுக்குள் செலுத்துகிறது. பிறகு மூளையின் செல்களே அந்தப் புரதத்தை அங்கேயே தயாரிக்க வேண்டும் என்பது திட்டம். மாதாமாதம் காதுக்குப் பின்னால் குழாய் மாட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒருமுறை தொடங்கினால் நிறுத்தவும் முடியாது. ரெட் ஓயாமல் இயங்கினால் என்ன ஆகும் என்பது தெரிந்த மருத்துவருக்கு இது சாதாரண விஷயமல்ல. நோய் மிதமான கட்டத்தில் இருப்பவர்களைக் கொண்டு இரண்டாம் கட்டச் சோதனை தொடங்கியிருக்கிறது. அதில் ஒரு பகுதியினருக்குப் போலி அறுவை மட்டும்தான். தாங்கள் எந்தப் பக்கம் என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பெண் போடும் மருத்துவருக்கும் தெரியாது.